கைத்தொலைபேசி போதும் என்போருக்கு: கிண்ணியாவும் கம்பியில்லா வலையமைப்பும்

அண்மைக் காலத்தில் படித்தோர் மத்தியில் ஒரு கருத்து ஐயத்துக்கிடமற்ற உண்மைபோல் உலவி வருகின்றது. கம்பியில்லாத் தொடர்பு நாடெங்கும் பரவிவிட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைத்தொலைபேசி உண்டு. ஆதலால் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே தகவல் பெறுவதில் இருந்த ஏற்றத்தாழ்வு தானாகவே மறைந்துவிட்டது என்பதே அக்கருத்து. கருத்தரங்க மேடைகளிலே இஃது அடிக்கடி ஒலிக்கின்றது. நிறுவனங்களின் விளம்பரங்கள் இதனையே வண்ணப்படமாக்கிக் காட்டுகின்றன. அரசியல்வாதிக்கு இது செலவற்ற சாதனை. நிறுவனத்துக்கு இலாபந்தரும் சாதனை. இக்கருத்துப் பொய்யானது என்பதும், அப்பொய்யின் விலையைக் கிண்ணியா போன்ற பிரதேசங்களின் மாணவரும் பெண்களும் சிறுதொழில் செய்வோருமே செலுத்தி வருகின்றனர் என்பதும் ஈண்டு எடுத்துரைக்கப்படும்.

முதற்கண் ஒரு சொற்குழப்பத்தை நீக்குதல் வேண்டும். 'கம்பியில்லா' என்னும் ஒரே அடைமொழியின் கீழ் இருவேறு பொருள்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, தொலைபேசி நிறுவனத்தின் கோபுரத்திலிருந்து ஒவ்வொருவரின் கைக்கும் தனித்தனியே வந்துசேரும் இணைப்பு. ஆளுக்கொரு சிம் அட்டை, ஆளுக்கொரு கட்டணம். மற்றையது, வீட்டுக்கோ பாடசாலைக்கோ பணிமனைக்கோ வந்துசேர்ந்த ஒரேயோர் இணைப்பை, ரவுட்டர் என்னும் சிறு பெட்டி அக்கட்டடத்தினுள் உள்ள கருவிகள் யாவற்றுக்கும் பகிர்ந்தளிக்கும் வலையமைப்பு. மக்கள் வழக்கில் இதன் பெயர் வைஃபை. முன்னையது தனியாளுக்கு அளந்து விற்கப்படும் பண்டம். பின்னையது ஒரு கூரையின் கீழ் வாழ்வோரும் உழைப்போரும் கூடிப் பயன்கொள்ளும் வசதி. இரண்டும் வானலையால் இயங்குகின்றன என்ற ஒற்றுமையைக் காட்டி, ஒன்று இருக்க மற்றையது எதற்கு என்று கேட்பது, கடையிலே போத்தல் தண்ணீர் கிடைக்கும்போது வீட்டுக்குக் கிணறு எதற்கு என்று கேட்பதை ஒக்கும்.

கிண்ணியாவை இவ்விவாதத்துக்குத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. கொட்டியாரக் குடாவின் கரையிலே, திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே அமைந்த இந்நகரத்தின் மேலாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாக வானலைகள் ஓயாது சென்றுகொண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக விளங்கிய திருகோணமலை, கம்பியில்லாத் தந்தியின் மூலமே தன் கப்பல்களோடும் தொலைதூரத் தளங்களோடும் பேசியது. 1957இல் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் 1980கள் முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி தன் அஞ்சல் நிலையத்தைத் திருகோணமலையில் நிறுவி ஆசிய நாடுகளுக்கெல்லாம் ஒலிபரப்பியது. உலகத்தின் செய்தி இக்கடலின் மேலாகவே கடந்து சென்றது. ஆயினும் அதே காலத்தில் குடாவின் இக்கரையில் வாழ்ந்த மீனவரும் நெல்விவசாயியும் மாடு மேய்ப்போரும் திருகோணமலை நகருக்குச் செல்ல 'பாதை' எனப்படும் இழுவைப் படகுக்காகத் துறையிலே காத்து நின்றனர். அலை தலைக்கு மேலே செல்வதும் அது வீட்டினுள்ளே இறங்குவதும் வேறு வேறு நிகழ்ச்சிகள். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைக் கொண்டு தொடர்பு கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டுவோர் இவ்வேறுபாட்டை உணராதவர்கள் அல்லது உணர விரும்பாதவர்கள்.

கம்பியில்லா வலையமைப்பின் வரலாற்றை நோக்கினால் இன்னோர் உண்மையும் புலனாகும். இது வணிகத்தின் குழந்தையன்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலே நோர்மன் ஏப்ரம்சன் என்பாரின் தலைமையில் 1971இல் இயங்கத் தொடங்கிய 'அலோஹாநெற்' என்ற வலையமைப்பே இத்துறையின் முன்னோடி. தீவுகளாகப் பிரிந்து கிடந்த அந்நிலப்பரப்பில், தொலைபேசிக் கம்பிகளை நம்பாமல், வானொலி அலைகளின் மூலம் கணினிகளைத் தொடுத்துவிட அங்குள்ளோர் துணிந்தனர். கடலால் பிரிக்கப்பட்ட மக்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் மேற்கொண்ட முயற்சி அது. அடுத்து 1985இல், ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு, நுண்ணலை அடுப்பு முதலியவற்றுக்கென ஒதுக்கப்பட்டு வேறு பயனற்றவையெனக் கருதப்பட்ட சில அலைப்பட்டைகளை அனுமதிப்பத்திரம் இன்றியே தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. 1997இல் ஐ.இ.இ.இ. நிறுவனத்தின் 802.11 என்னும் நியமம் வெளிவந்தபோது அதன் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் மாத்திரமே. வைஃபை என்ற வணிகப் பெயர் 1999இல் சூட்டப்பட்டது.

இங்கு மனங்கொள்ளத்தக்கது அனுமதிப்பத்திரம் இன்மை என்ற அம்சமே. கைத்தொலைபேசி நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசை ஏலத்திலோ கட்டணத்திலோ பெறப்பட்டு வேலி அடைக்கப்பட்ட காணி. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் மீடிறன்களோ ஊர்ப் பொது மேய்ச்சல் தரையைப் போன்றவை. கிண்ணியாவின் கால்நடை வளர்ப்போருக்கு மேய்ச்சல் தரை என்றால் என்ன, அது இல்லாமற் போனால் என்னாகும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. பொதுத்தரைக்கு ஒழுக்கமும் வேண்டும். வைஃபைக் கருவி ஒவ்வொன்றும் பேசுமுன் செவிமடுக்கின்றது. வேறொரு கருவி பேசிக்கொண்டிருந்தால் சற்றுப் பொறுத்துப் பின் தன் செய்தியை அனுப்புகின்றது. மேடைப் பேச்சாளர் பலருக்கு இல்லாத பண்பு இது.

இனி வீட்டுக்கு வருவோம். கைத்தொலைபேசியே போதும் என்போர் எவருடைய கைத்தொலைபேசி என்று கேட்பதில்லை. பல குடும்பங்களில் நல்ல தொலைபேசி ஒன்றே இருக்கும். அது குடும்பத் தலைவனின் சட்டைப்பையில் இருக்கும். அவர் தோணியேறும்போது, வயலுக்குப் போகும்போது, சந்தைக்குப் புறப்படும்போது வீட்டின் இணையமும் அவரோடு புறப்பட்டுவிடுகின்றது. பிள்ளை அவர் திரும்பிவரும் இரவை எதிர்பார்த்திருக்க வேண்டும். வரும்போது மின்கலம் தீர்ந்திருக்கும். வீட்டு வலையமைப்போ வீட்டோடு நிற்பது. உயர்தர வகுப்பு மாணவியும், தம்பியும், தையல் தொழில் செய்யும் தாயும் ஒரே நேரத்தில் தத்தம் அலுவலைப் பார்க்க அது இடந்தருகின்றது. தெற்காசியா எங்கும் இணையப் பயன்பாட்டில் ஆணுக்குப் பின்னாலேயே பெண் நிற்கிறாள் என்பது ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டிய உண்மை. அந்த இடைவெளியின் ஒரு பகுதி, இணைப்பு ஆளுக்கு உரியதாக இருப்பதாலேயே தோன்றுவது. இணைப்பு வீட்டுக்கு உரியதாகும்போது பெண்ணுக்கு அதில் உள்ள பங்கைச் சட்டைப்பையில் வைத்துப் பூட்ட இயலாது. கடவுச்சொல்லை அண்ணன் மாத்திரமே அறிந்து வைத்திருக்கும் வீடுகளும் இருக்கக்கூடும். அது வேறொரு போராட்டம். ஆனால் வீட்டினுள்ளேயே நிகழ்த்தத்தக்க போராட்டம்.

கிண்ணியாவின் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் சவூதியிலோ கட்டாரிலோ தொழில் புரிகின்றார். ஆண்டுக்கணக்கில் முகம் காணாத தந்தையைப் பிள்ளை காண்பது இமோவின் சிறு திரையில்தான். அந்த உரையாடல் 'டேட்டா முடிந்துவிட்டது' என்ற அறிவித்தலோடு பாதியில் அறுபடுவது அன்றாட நிகழ்ச்சி. இதனை ஆடம்பரம் என்று கூறுவோர், வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பும் பணத்தை நாட்டின் உயிர்நாடி எனப் புகழ்வோராகவும் இருப்பது விந்தை. பணம் வரவேண்டும்; குரல் வருவதற்குத் தனிக்கட்டணம் என்பது எவ்வகை நியாயம்?

அளந்து விற்கப்படும் இணைப்பின் தீமை அதன் விலையோடு நின்றுவிடுவதன்று. அது மனிதரின் பழக்கத்தையே மாற்றிவிடுகின்றது. ஒவ்வொரு மெகாபைட்டும் எண்ணப்படும்போது, சிறிய செய்தி பார்க்கப்படும். நீண்ட நூல் இறக்கப்படமாட்டாது. நண்பனின் நகைச்சுவைத் துணுக்கு திறக்கப்படும். ஒரு மணி நேர விரிவுரை ஒத்திவைக்கப்படும். இந்நாட்டில் இணைய நிறுவனங்கள் விற்கும் பொதிகளில் நள்ளிரவுக்குப் பின்னர் மாத்திரமே பயன்படுத்தத்தக்க 'இரவு நேர டேட்டா' என்ற ஒரு பங்கு உண்டு. பகலில் விழித்திருக்கும் மாணவனை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் செய்யும் இவ்வேற்பாட்டைச் சலுகை என்று பெயரிட்டவரின் மொழியறிவு பாராட்டத்தக்கது. அரசும் இதில் பின்னிற்கவில்லை. 2015இல் பொது இடங்களில் இலவச வைஃபை என்ற திட்டம் 26 இடங்களில் ஆரவாரத்துடன் தொடக்கி வைக்கப்பட்டது. ஒருவருக்கு மாதம் 100 மெகாபைட் என்பது அதன் அளவு. தரமான காணொளி விரிவுரை ஒன்றுகூட அதற்குள் அடங்காது. பசித்தவனுக்கு உணவின் வாசனையைக் காட்டுவது தருமம் ஆகாது.

பாதையும் பாலமும் என்ற ஒப்பீடு கிண்ணியா மக்களுக்கு எளிதில் விளங்குவது. பாதையிலே ஒவ்வொரு கடப்புக்கும் காத்திருக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டும். காற்று அடித்தால் அஞ்ச வேண்டும். 2009 அக்டோபரில் சவூதி அரேபிய நிதியுதவியுடன் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, கடப்பதன் கணக்கே இல்லாமற் போயிற்று. ஒருவர் நாளுக்குப் பத்துமுறை திருகோணமலைக்குப் போய்வந்தாலும் பாலம் அவரிடம் கணக்குக் கேட்பதில்லை. பாலத்தின் பயன் அதன் மீது நடக்கும் ஒற்றைப் பயணத்தில் இல்லை. நினைத்தபோது போகலாம் என்ற எண்ணம் வாழ்க்கையின் திட்டத்துள் நுழைந்துவிடுவதிலேயே உள்ளது. பாலம் முடியாத இடத்தில் என்ன நிகழும் என்பதையும் இதே பிரதேசம் கண்டது. 2021 நவம்பர் 23ஆம் நாள், குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டி முடிக்கப்படாத நிலையில் மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப் பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். 'பாதை இருக்கிறதே, பாலத்துக்கு ஏன் அவசரம்?' என்று அதற்குப் பின்னர் கேட்கும் துணிவு எவருக்கும் வராது. 'கைத்தொலைபேசி இருக்கிறதே' என்ற கேள்வி மாத்திரம் இன்னும் கூசாமல் கேட்கப்படுகின்றது. ரீலோட் போட்டுப் போட்டுக் கடக்கும் இணையம் பாதையே. அளவின்றி வீட்டில் நிற்கும் வலையமைப்பே பாலம்.

இவ்விடத்தே பல்கலைக்கழகச் சமூகத்தை நேரடியாகத் தாக்கும் ஒரு பிரச்சினை எழுகின்றது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழைப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே கட்டணம் என்ற தடையை அகற்றியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, அந்தத் தடை வேறு வடிவில் திரும்பிவந்தது. வகுப்பு சூம் திரையில் நிகழ்ந்தது. திரைக்குள் நுழைய டேட்டா வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மாணவருக்கு லேர்ன் எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகக் கட்டணமற்ற அணுக்கம் வழங்கப்பட்டது உண்மையே, அது விதந்துரைக்கத்தக்கது. பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த நிழல் கிடைத்தது? ஊவாவின் மலைக்கிராமமான போகிட்டியாவவில் மாணவரும் ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டினூடே பாறையேறிய காட்சியை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படம்பிடித்துக் காட்டின. அப்படத்தைப் பார்த்தோர் பலர் மாணவரின் ஆர்வத்தை வியந்தனர். வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. வெட்கப்படுவதற்கு நிரம்ப உண்டு. இலவசக் கல்விக்கு வாயிற் கட்டணம் அறவிடும் நாடாக இலங்கை மாறியதை அப்படம் பதிவுசெய்தது.

கொள்ளைநோய் ஓய்ந்துவிட்டது, வாயில் அப்படியே இருக்கின்றது. விரிவுரைக் குறிப்புக்கள், பரீட்சை விண்ணப்பங்கள், ஒப்படைகள் யாவும் இன்று இணையவழியே நடமாடுகின்றன. பல்கலைக்கழக வளாகத்தினுள் 'எடுரோம்' என்ற உலகளாவிய ஏற்பாட்டின் துணையால், மாணவர் ஒருவர் தமது பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டு மற்றொரு பல்கலைக்கழகத்தின் வைஃபையையும் பயன்படுத்த முடிகின்றது. ஓலுவிலில் பயில்பவர் பேராதனைக்குச் சென்றாலும் அவருக்கு இணைப்பு உண்டு. அவரே விடுமுறைக்குக் கிண்ணியாவுக்குத் திரும்பினால், கடையில் ரீலோட் போட வேண்டும். அறிவாளிக்கு உலகெங்கும் திறக்கும் கதவு, சொந்த வீட்டின் முற்றத்தில் மூடிக்கொள்கின்றது. கலைப்பீட மாணவனுக்கு இணையம் எதற்கு, அவன் நூலகத்தில் படிக்கட்டும் என்று கூறும் விஞ்ஞானபீடத்தவரும் உளர். நூலகம் என்ற எண்மிய நூலகத்தில் ஈழத்துத் தமிழ் ஏடுகளும் சஞ்சிகைகளும் பல்லாயிரக்கணக்கில் படிமங்களாக இருக்கின்றன என்பதை அவர்கள் அறியார் போலும். பழைய சஞ்சிகை ஒன்றின் முழு ஆண்டுத் தொகுதியை இறக்கிப் படிப்பதற்கு எத்தனை அட்டைகள் வாங்கவேண்டும் என்பதைக் கலைப்பீட மாணவனே அறிவான்.

தொழிலிடத்தைப் பொறுத்தவரை நீண்ட விளக்கம் தேவையில்லை. அரிசி ஆலை, மீன் களஞ்சியம், மருந்தகம், வங்கிக் கிளை எதுவாயினும், மேசைக்கு மேசை கம்பி இழுக்காமல் கணினியையும் அச்சுப்பொறியையும் அட்டை வாசிக்கும் கருவியையும் தொடுக்க முடிவது செலவைக் குறைக்கின்றது என்பது கண்கூடு. வைத்தியசாலையின் நிலை மாத்திரம் சற்று நின்று நோக்கற்பாலது. 2017இன் முற்பகுதியில் டெங்குக் காய்ச்சல் கிண்ணியாவைக் கடுமையாகத் தாக்கியது. பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. நோயாளர் வெளியூர் வைத்தியசாலைகளுக்கும் மாற்றப்பட்டனர். அத்தகைய வேளையில் இரத்தப் பரிசோதனை அறிக்கை நோயாளருக்கு முன்னே சென்று சேர்வதும், தொலைவிலுள்ள நிபுணர் நேரில் பார்ப்பதுபோல் ஆலோசனை கூறுவதும் உயிரோடு தொடர்புடைய காரியங்கள்.

இதனைக் கற்பனை என்று ஒதுக்குவோர் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைப் பார்க்கலாம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளருடன் இணைந்து, 2000களின் நடுப்பகுதியிலேயே கிராமப்புறக் கண்பார்வை மையங்களை வைஃபையின் மூலம் தொடுத்தது. வீட்டினுள்ளே சில பத்து மீற்றர் செல்லும் அதே அலையை, உயர்ந்த கம்பத்தில் பொருத்திய திசை நோக்கும் அன்ரனாவினால் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தூரத்துக்குச் செலுத்தலாம் என்பதை அவர்கள் நடைமுறையிலேயே நிறுவினர். கிராமத்து முதியவர் மையத்திலே திரையின்முன் அமர்ந்தார். மருத்துவர் தேனியிலிருந்தே அவருடன் பேசினார். சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர் மாத்திரம் நகருக்குப் பயணம் செய்தனர். கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகர் நேர்கோட்டில் ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றரே. நடுவில் மலையில்லை, மாடமாளிகையில்லை, பெரும்பகுதி நீர்ப்பரப்பு. நீர்ப்பரப்பில் அலை தெறித்து இடையூறு விளைவிக்கும் என்பதைப் பொறியியலாளர் நன்கறிவர். அதற்கான பரிகாரத்தையும் அவர்கள் அறிவர். அறியாதிருப்பது திட்டமிடுவோரின் மேசை மாத்திரமே.

எதிர்ப்போரின் ஏனைய வாதங்களுள் இரண்டினைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஒழுக்கம் கெடும் என்பது முதலாவது. சினிமாவுக்கும் வானொலிக்கும் இதே குற்றச்சாட்டு முன்னர் சுமத்தப்பட்டது. கெடுக்கும் பொருள் எதுவோ அது ஏற்கெனவே ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் போர்வைக்குள்ளே வந்துசேர்கின்றது. நடுவீட்டில் இருக்கும் கணினியிலே பிள்ளை எதைப் பார்க்கின்றது என்பதைப் பெற்றோர் அறிவது அதனினும் எளிது. கதிர்வீச்சினால் நோய் வரும் என்பது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகாமை 2011இல் வானொலி மீடிறன் அலைகளை '2பி' என்ற வகுப்பில், அதாவது தீங்கு நேரக்கூடுமோ என்று ஐயுறத்தக்கவற்றின் வரிசையில் சேர்த்தது மெய். ஆசிய மரபுமுறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே வரிசையில்தான் உள்ளன. 2.4 கிகாஹேர்ட்ஸ் ரவுட்டரின் சக்தி பொதுவாக ஒரு வாற்றின் பத்திலொரு பங்களவே. கதிர்வீச்சுக்கு அஞ்சுவோர் முதலில் காதோடு ஒட்டிவைத்திருக்கும் தொலைபேசியைக் கீழே வைக்க வேண்டும். அவர்களோ அந்தத் தொலைபேசியிலேயே வைஃபைக்கு எதிரான எச்சரிக்கைகளைப் பரப்பிக்கொண்டிருக்கின்றனர்.

இவற்றிலும் பார்க்க வலிமையானது சந்தையின் குரல். தேவை இருக்குமாயின் நிறுவனம் தானாகவே வரும். தொழினுட்பம் நாளுக்கு நாள் வளர்கின்றது. பொறுத்திருங்கள் என்று அது கூறும். தொழினுட்பம் வளர்கின்றது என்பதில் கருத்து வேறுபாடில்லை. வைஃபையின் ஏழாம் தலைமுறைக்கான சான்றிதழ் வழங்கல் 2024இல் தொடங்கியது. 6 கிகாஹேர்ட்ஸ் அலைப்பட்டையும் பல நாடுகளில் இதற்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. தாழ்ந்த சுற்றுப்பாதைச் செய்மதிகளின் வழியாக இணைப்பு வழங்கும் ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கைக்கும் வந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், பலூன்களின் மூலம் முழு நாட்டுக்கும் இணையம் தரப்போவதாகக் கூகுளின் 'லூன்' திட்டத்தை 2015இல் வரவேற்றுக் கொண்டாடியது இதே நாடுதான். 2016இல் பரீட்சார்த்தப் பலூன் ஒன்று வந்தது, சேவை வரவில்லை, 2021இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. ஸ்டார்லிங்க் உண்மையாகவே வந்தது. எனினும் அறிமுகமானபோது அதன் சாதாரண வீட்டுக் கட்டணம் மாதம் பத்தாயிரம் ரூபாவைக் கடந்திருந்தது. கருவியின் விலை ஓர் இலட்சத்துக்கும் மேல். நாட்கூலிக்குத் தோணி தள்ளுபவருக்கு வானத்துச் செய்மதியும் வானத்து நிலவும் ஒன்றே.

செய்மதித் தொடர்பின் வரலாற்றுக்கும் திருகோணமலைக்கும் ஒரு சிறு உறவு உண்டு. பூமியுடன் ஒத்துச் சுழலும் செய்மதிகளைக் கொண்டு உலகு முழுவதும் தொடர்பேற்படுத்தலாம் என்பதை 1945இல் கட்டுரை வடிவில் எடுத்துரைத்த ஆதர் சி. கிளாக், 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர். கோணேசர் மலையடியின் கடலிலே முக்குளித்துப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டோரில் அவரும் ஒருவர். அவர் அந்த எண்ணத்துக்குக் காப்புரிமை கோரவில்லை. உலகுக்குப் பொதுவில் விட்டுவிட்டார். அதனைக் கொண்டு எழுந்த தொழிலோ பொதுவில் விடப்படவில்லை.

சந்தை வாதம் மறைக்கும் மற்றோர் உண்மை, கம்பியில்லா வலையமைப்புக்குக் கம்பி வேண்டும் என்பதாகும். ரவுட்டரின் அலை சில பத்து மீற்றர்களோடு முடிகின்றது. அதற்கு அப்பால் செய்தி ஒளியிழை வடத்திலே பயணம் செய்ய வேண்டும். கோபுரத்திலிருந்து அலையைப் பெற்றுப் பகிரும் ரவுட்டர்களும் விற்கப்படுகின்றன. ஆனால் மாலை வேளையில் முழு ஊரும் ஒரே கோபுரத்தை மொய்க்கும்போது அவற்றின் வேகம் நத்தையாகிவிடும். ஆகவே எதிர்காலத்தைத் தீர்மானிப்பது ரவுட்டர் பெட்டியின் தலைமுறை எண் அன்று. ஒளியிழை வடம் எந்தத் தெருமுனை வரை வந்திருக்கின்றது என்பதே. வடம் நிலத்தைத் தோண்டிப் புதைக்கப்படுவது அல்லது தூண்களிலே இழுக்கப்படுவது. வீடுகள் நெருங்கிய, பணப்புழக்கம் மிகுந்த தெருவுக்கு அது முதலில் வரும். குறிஞ்சாக்கேணியின் உட்புறத்துக்கு இறுதியில் வரும், அல்லது வராது. கிண்ணியாப் பாலம் பாதைக்காரரின் இலாபத்திலிருந்து எழுந்ததன்று. அது பொதுத்தேவை எனக் கருதப்பட்டுக் கட்டப்பட்டது. வடத்தையும் அவ்வாறே கருதவேண்டும்.

மின்சாரமும் இக்கணக்கில் சேரும். 2022 மார்ச்சின் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது ரவுட்டர்கள் வெறும் பெட்டிகளாயின. சிறு மின்கலம் ஒன்று இணைத்தால் சில மணி நேரம் அவை இயங்கும் என்பதை மக்கள் அப்போது தாமாகவே கற்றுக்கொண்டனர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கிழக்கையும் மலையகத்தையும் புரட்டிப்போட்ட வேளையிலும் முதலில் அறுந்தவை மின்சாரமும் தொடர்பும்தான். இயற்கை அறுப்பது போதாதென்று அரசும் அறுத்ததுண்டு. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போதும், 2019 ஏப்ரில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரில் தொடக்கத்திலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வதந்தியைத் தடுப்பது முதலிரு வேளைகளிலும் கூறப்பட்ட காரணம். வதந்தி வேறு வழிகளில் நடந்து சென்றது. கட்டாரிலிருந்த தந்தை தன் வீட்டார் நலமா என்று கேட்கும் வழியே அடைபட்டது. வலையமைப்பின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர் வேகத்தைப் பற்றி மாத்திரம் பேசி, அதன் திறப்பு எவரின் கையில் இருக்கிறது என்பதைப் பேசாது விடுவது அரைகுறைப் பேச்சு.

இதுவரை கூறியவை எல்லாம் அரசையும் நிறுவனத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதற்கல்ல. வில்பத்துக் காட்டின் ஓரத்திலே, அனுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சிய கிராமத்தில், ஹொரைசன் லங்கா என்ற கல்விக்கூடத்தைச் சுற்றி 2006இல் ஒரு கம்பியில்லாக் கண்ணி வலையமைப்பு நிறுவப்பட்டது. அதில் ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தன் அயலாருக்குச் செய்தியைக் கடத்தியது; மாணவரின் வீடுகளே வலையின் முடிச்சுக்களாயின. நேபாளத்தின் மலைக்கிராமங்களை 2000களின் தொடக்கத்திலேயே வைஃபையால் தொடுத்த மகாபீர் புன் என்ற ஆசிரியருக்கு 2007இல் மக்சேசே விருது கிடைத்தது. இவ்விரு முயற்சிகளின் நடுவிலும் பாடசாலையும் ஆசிரியரும் இருந்தனர் என்பது தற்செயலன்று. மாறாக, அரசின் 'நெனசல' எனப்பட்ட அறிவகங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டுப் பலவும் நாளடைவில் செயலிழந்தன. கட்டடமும் கணினியும் பெயர்ப்பலகையும் வந்தன. ஊரின் தேவையோடு அவற்றைப் பொருத்துவார் பல இடங்களில் இல்லை.

கிண்ணியாவிலே மீனவருக்கும் விவசாயிக்கும் கூட்டுறவு என்பது புதிய சொல்லன்று. கூட்டுறவுச் சங்கம் ஒன்று மொத்தமாக ஓர் ஒளியிழை இணைப்பைப் பெற்று, தன் உறுப்பினரின் வீடுகளுக்குக் கண்ணி வலையமைப்பின் மூலம் பங்கிட்டால், வீட்டுக்கு வீடு தனியே செலுத்தும் தொகை பெரிதும் குறையும். இதற்குக் குறுக்கே நிற்பது தொழினுட்பமன்று, சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் தொடர்பாடல் சேவை நடத்த அனுமதிப்பத்திரம் கோருகின்றது. பெருநிறுவனங்களை மனதிற்கொண்டு வகுக்கப்பட்ட அந்நடைமுறையில் கிராமக் கூட்டுறவுச் சங்கம் நுழைவது கடினம். 2024இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது செய்மதி நிறுவனத்துக்குக் கதவு திறந்தது. சங்கங்களுக்கெனச் சிறிய அனுமதிப்பத்திரம் ஒன்றை வகுப்பதும் அதே ஆணைக்குழுவின் வேலையே. சட்டபீட மாணவர் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையவேண்டியதில்லை.

அதுவரையில் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இணைய வசதியுள்ள பாடசாலைகளில் பிற்பகல் ஒன்றரை மணிக்கு மணியடித்ததும் ரவுட்டரும் அணைக்கப்படுகின்றது. வகுப்பறையில் பாடநூல் இருந்த காலை வேளையில் இணைப்பு இருக்கின்றது. ஒப்படை செய்யவேண்டிய மாலை வேளையில் அது உறங்குகின்றது. இரவு ஒன்பது மணிவரை அதனை அணைக்காது விட்டு, மாணவர் இலக்கத்தைக் கடவுச்சொல்லாக்கி, வாயிலருகே வெளிச்சமும் இரண்டு வாங்குகளும் போட்டு, காவலாளி ஒருவரை நிறுத்தினால், தெருவிலுள்ள பிள்ளைகள் ரீலோட் இன்றிப் படிக்கலாம். பெண்பிள்ளைகளுக்கெனத் தனி வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட்டால் தாய்மாரும் மறுக்கமாட்டார்கள். ரவுட்டர் அந்நேரத்தில் உண்ணும் மின்சாரம் சிறு மின்குமிழ் ஒன்றின் அளவே. இதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை. மாகாணக் கல்வித் திணைக்களத்திலிருந்து ஒரு பக்கச் சுற்றுநிருபம் வந்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.